சபையில் ஓர் உதவி மேசை: ஏழைக் குடும்பத்தை அரசாங்க உதவியோடு இணைப்பது எப்படி

கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம் சபை மண்டபத்தில் அரிசிப் பைகள் அடுக்கப்படும். மலேசியாவில் செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் இதே காட்சிதான். ஒரு பையின் மதிப்பு ஏறத்தாழ 100 ரிங்கிட். ஜனவரி முடிவதற்குள் அது தீர்ந்துவிடும். அந்தப் பையை வாங்கிப்போன வீட்டில் 68 வயது பாட்டி ஒருவர் இருக்கலாம். தகுதி இருந்தால் அவருக்குச் சமூக நல இலாகா மாதம் 600 ரிங்கிட் தரும். ஆண்டுக்கு 7,200 ரிங்கிட். எந்தச் சபையும் ஒரே வீட்டுக்கு அவ்வளவு கொடுக்க முடியாது. ஆனால் அந்தப் பாட்டியை விண்ணப்பப் பாரத்தோடு இலாகாவின் முகப்புக்கு அழைத்துப்போக எந்தச் சபையாலும் முடியும். அதற்கான ஏற்பாட்டை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. கத்தோலிக்கப் பங்கு, மெதடிஸ்ட், லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் சபைக்குள் தீர்க்கவேண்டிய பேச்சு

வேலையைத் தொடங்கியதும் இரண்டு குரல்கள் எழும். "வரி கட்டுகிறோமே, அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும்" என்பது ஒன்று. "அரசாங்கக் காசு ஆளைச் சோம்பேறியாக்கும், ஏழையைத் தாங்குவது சபையின் ஊழியம்" என்பது மற்றொன்று. மேசை போடுவதற்கு முன்பே இரண்டையும் பேசித் தீர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறாம் மாதம் செயற்குழுக் கூட்டத்தில் இதுவே வெடிக்கும்.

லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் வயலின் ஓரத்தை அறுக்காமல் விடச் சொல்கிறது. அது தயவு அல்ல, சட்டம். ஓரத்தில் நிற்கும் கதிர் ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது. நில உரிமையாளர் மனம் இரங்கினாலும் இரங்காவிட்டாலும் அவர்களுக்கு அதில் பங்கு உண்டு. 72-ஆம் சங்கீதம் எளியவனுக்கு நியாயம் செய்வதை ராஜாவின் கடமையாகவே வைக்கிறது. ஆகவே அரசாங்க உதவியை வாங்குவது விசுவாசக் குறைவும் அல்ல, பிச்சையும் அல்ல. அதே வேளையில் 1 தீமோத்தேயு 5 விதவையைத் தாங்கும் கடமையை முதலில் குடும்பத்துக்கும், அடுத்துச் சபைக்கும் தருகிறது. கத்தோலிக்க மரபில் 1931-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் வகுத்துச் சொன்னதும் இதற்கு நெருக்கமானது: சின்ன அமைப்பு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளக் கூடாது. சின்னது திணறும் இடத்தில் பெரியது தோள்கொடுக்க வேண்டும். மாதாந்தரப் பணம், மருத்துவமனை, ஓய்வூதியம் ஆகியவை சபையின் காணிக்கைப் பெட்டிக்கு மிஞ்சியவை. வீட்டு வாசலில் நின்று "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பது எந்த இலாகாவுக்கும் மிஞ்சியது.

இந்த வேலைக்கு மிக நெருங்கிய பகுதி அப்போஸ்தலர் 6. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பகிர்வில் விடுபட்டுப்போனார்கள். சாப்பாடு இல்லை என்று அங்கே எவரும் சொல்லவில்லை. பட்டியலில்தான் ஓட்டை. அப்போஸ்தலர்கள் அதைச் சரிசெய்ய ஏழு பேரை நியமித்தார்கள். ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் மொழி தெரிந்தவர்கள் கையில் பட்டியல் போயிற்று என்று அதைப் படிக்கலாம்.

நம் நாட்டிலும் பட்டியல்தான் பிரச்சினை. 2020-இல் மலேசியா வறுமைக்கோட்டு வருமானத்தை மாதம் 980 ரிங்கிட்டிலிருந்து 2,208 ரிங்கிட்டுக்குத் திருத்தியது. 2016-இல் 0.4 விழுக்காடு என்று சொல்லப்பட்ட வறுமை, புதிய கணக்கில் 2019-க்கு 5.6 விழுக்காடானது. கோடு நகர்ந்ததும் அதுவரை கண்ணில் படாத வீடுகள் தெரிந்தன. 2022-க்கான கோடு 2,589 ரிங்கிட். மாநிலத்தையும் வீட்டு ஆட்களின் எண்ணிக்கையையும் பொறுத்து இது மாறும்.

யார் உட்கார வேண்டும், எப்போது

நான்கு பேர் போதும். மலாயில் சரளமாக எழுதிப் பேசுபவர் ஒருவர். கைப்பேசியில் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த இளையவர் ஒருவர். அடுக்குமாடி வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த அக்கா ஒருவர். பல வீடுகள் அவருக்குத்தான் கதவு திறக்கும். கார் வைத்திருப்பவர் ஒருவர். போதகரோ பங்குத்தந்தையோ மேசையில் உட்காராமல் இருப்பது நல்லது. அவர் முன்னால் கடன் வட்டி, குடி, பிரிந்துபோன கணவன் பற்றியெல்லாம் வாய் திறக்காதவர்கள் அதிகம்.

ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் மண்டபத்தின் நடுவே மேசை போடாதீர்கள். எல்லோர் கண்ணும் படும் இடத்தில் ஏழை வந்து உட்கார மாட்டார். வாரநாளில் ஒரு மாலை, பின்கட்டு அறை, இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாலைக்கு நான்கு குடும்பங்களுக்கு மேல் ஏற்காதீர்கள். முதல் சந்திப்புக்கு அரைமணி நேரம் பிடிக்கும்.

முதல் சந்திப்பில் பாரத்தை எடுக்காதீர்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவரின் வயது என்ன, யாருக்கு எந்த ஐசி (அடையாள அட்டை) இருக்கிறது, யார் வேலை செய்தார்கள், யார் இறந்தார்கள், யாருக்கு என்ன நோய்: இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்தக் கதவைத் தட்டுவது என்பதை இந்தத் தாளே சொல்லிவிடும்.

கோப்பு

ஒரு குடும்பத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதில் எல்லோருடைய ஐசி நகல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவுச் சான்றிதழ் அல்லது மணமுறிவு, இறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, விண்ணப்பதாரர் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கின் நகல், மின்சாரம் அல்லது தண்ணீர் ரசீது, வாடகை ஒப்பந்தம், மருத்துவ அறிக்கை, இருந்தால் மாற்றுத்திறனாளி அட்டை. ஒவ்வொன்றும் இரண்டு நகல். ஐசி நகலின் குறுக்கே "சமூக நல இலாகா விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று மலாயில் எழுதித் தேதி போடுங்கள். அசல் பத்திரத்தைச் சபையில் வைத்துக்கொள்ளவே கூடாது. கோப்பும் அந்தக் குடும்பத்திடமே இருக்கட்டும். சபையிடம் இருக்கவேண்டியது பெயர், தேதி, விண்ணப்ப எண் எழுதிய ஒரு குறிப்பேடு மட்டும். வாட்ஸ்அப் குழுவில் ஐசி படத்தைப் போடுவது தனிமனித மானத்தை மீறும் செயல், ஆபத்தும் கூட.

பத்திரம் இல்லாத வீடு

இங்குதான் அதிக நேரம் போகும். பொறுமையும் இங்குதான் வேண்டும். பத்திரம் இல்லையென்றால் மற்ற எந்தக் கதவும் திறக்காது.

தீபகற்பத்தில் குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். தவறினால் தாமதப் பதிவு. அதற்கு மருத்துவமனை அத்தாட்சி, கிளினிக்கின் தடுப்பூசிப் புத்தகம், பெற்றோரின் ஐசி, திருமணச் சான்றிதழ், சாட்சிகள் தேவைப்படும். தோட்டத்தில் பிறந்து பத்திரமே இல்லாமல் வயதான பெரியவர்களுக்குச் சபை வேறு எவரும் செய்ய முடியாத ஓர் உதவியைச் செய்யலாம். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயர், பெற்றோர் பெயர், தேதி இருக்கக்கூடும். அதன் உறுதிப்படுத்திய நகலை எடுத்துத் துணை ஆதாரமாக வையுங்கள். அது தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. பள்ளிப் பதிவு, தோட்ட நிர்வாகக் கடிதம் போன்றவற்றோடு சேரும்போது கனம் கூடும். சிவப்பு ஐசி (நிரந்தரக் குடியிருப்பாளர் அட்டை) வைத்திருப்பவர்களின் குடியுரிமை விண்ணப்பம் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். முதல் நாளிலேயே அதைச் சொல்லிவிடுங்கள், பொய் நம்பிக்கை தரவேண்டாம்.

திருமணப் பதிவு அடுத்தது. திருமணம், மணமுறிவு பற்றிய 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1-இல் அமலுக்கு வந்தது. அதன்பின் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் சட்டப்படி பதிவாக வேண்டும். தாலி கட்டியாயிற்று, ஜெபித்து ஆசீர்வதித்தாயிற்று, பதிவு மட்டும் இல்லை என்ற வீடுகள் நம்மிடையே நிறைய. கணவர் உயிரோடு இருக்கும்வரை யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. அவர் இறந்த மறுவாரம் பெர்கேசோ (சொக்சோ என்றும் சொல்லப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) முகப்பில் "சான்றிதழ் எங்கே?" என்று கேட்கும்போதுதான் இடி விழும். தாய் வெளிநாட்டவராக இருந்து திருமணம் பதிவாகாவிட்டால் பிள்ளையின் குடியுரிமையே சிக்கலாகிவிடும். சபையின் போதகர் உதவிப் பதிவதிகாரியாக நியமனம் பெற்றவர் என்றால் அவர் வழியே பதிவை நடத்தலாம். இல்லையென்றால் தம்பதியைப் பதிவு இலாகாவுக்கு அனுப்புங்கள். ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, "உங்கள் திருமணம் பதிவாகியிருக்கிறதா?" என்று பீடத்திலிருந்து கேட்பது பத்து அரிசிப் பைகளைவிடப் பெரிய உதவி.

தொலைந்த மைகார்டுக்கு (குடிமக்களின் ஐசி) முதல் தடவையே 100 ரிங்கிட் தண்டம். அந்தக் காசு இல்லாமல் ஓராண்டு ஐசி இல்லாமலே இருப்பவர்கள் உண்டு. சபை நிதியிலிருந்து உடனே கொடுக்கவேண்டிய செலவு இது.

எந்தக் கதவு

சமூக நல இலாகா முதல் கதவு. முதியோர், தனித்து வாழும் தாயின் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், படுக்கையில் கிடக்கும் நோயாளியைப் பராமரிப்பவர் ஆகியோருக்குத் தனித்தனி உதவிகள் உள்ளன. முதியோர் உதவி 60 வயதிலிருந்து. 2025 முதல் மாதம் 600 ரிங்கிட். பிள்ளைகளுக்கான உதவி 6 வயது வரை மாதம் 250, 7 முதல் 18 வரை 200. சமூக நல இலாகாவின் (ஜேகேஎம்) பாரம் ஜேகேஎம் 18, இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். ஐசியில் உள்ள முகவரி எதுவானாலும் இப்போது குடியிருக்கும் மாவட்டத்தின் அலுவலகத்துக்கே போகவேண்டும். பினாங்கில் தீவில் இரண்டு, செபராங் பிறையில் மூன்று என ஐந்து மாவட்டங்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு ஃபெரி ஏறிப்போய், "உங்க இடம் இது இல்லை" என்று கேட்டுத் திரும்பிவந்தால் பாதிப்பேர் மறுபடி போகமாட்டார்கள்.

விண்ணப்பித்த பின் அதிகாரி வீட்டைப் பார்க்க வருவார். அழைப்பு தெரியாத எண்ணிலிருந்து வரும். கடன்காரன் என்று பயந்து எடுக்காமல் விட்டுவிடுவார்கள், விண்ணப்பம் அப்படியே கிடந்துவிடும். தொடர்பு எண்ணாக மேசை உறுப்பினர் ஒருவரின் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். தொலைக்காட்சியை ஒளித்துவைக்கச் சொல்லாதீர்கள். பொய் பிடிபட்டால் எல்லாம் போயிற்று. அதிகமாக விண்ணப்பம் தடுக்குவது வேலை செய்யும் மகனால்தான். மகன் சம்பளம் 2,800 என்று பாரத்தில் இருக்கும். அவர் வேறு வீட்டில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறார், அம்மாவுக்கு மாதம் 100 தருகிறார் என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது. மகனிடமே ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு மேல்முறையீடு செய்யுங்கள்.

இரண்டாவது கதவு ரஹ்மா ரொக்க உதவி. வருமான வரி வாரியம் நடத்துகிறது. குடும்ப வருமானம் மாதம் 5,000 ரிங்கிட் வரை இருந்தால் விண்ணப்பிக்கலாம். தொகை ஆண்டுதோறும் மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். இங்கே தவறு நடப்பது மூன்று இடங்களில்: புதிதாகப் பிறந்த பிள்ளையைச் சேர்க்காமை, கணவர் பிரிந்த பின்னும் பழைய நிலையையே விட்டுவைத்தல், முடங்கிப்போன வங்கிக் கணக்கு. "விண்ணப்பித்தால் வரி போடுவார்கள்" என்ற பயம் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல்நலப் பரிசோதனை கிடைக்கும். சர்க்கரை நோய் நம் வீடுகளில் எப்படிப் புகுந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பரிசோதனைக்கு ஒரு சனிக்கிழமை காரில் ஏற்றிப் போங்கள்.

மூன்றாவது இ-காசே. இது நாட்டின் வறியோர் தரவுத்தளம். இதுவே பணம் தராது, ஆனால் பல உதவிகள் இந்தப் பட்டியலைப் பார்த்தே போகின்றன. பெயர் சேர்க்க விண்ணப்பித்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பெரும்பாலோர் தட்டாமலே விடும் கதவு, பெர்கேசோ. இது உதவியே அல்ல, சம்பளத்தில் பிடித்த சந்தாவுக்கு ஈடான உரிமை. சந்தாதாரர் 60 வயதுக்கு முன் இறந்தால், வேலையிடத்தில்தான் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை, மாரடைப்பில் வீட்டில் இறந்தாலும் குடும்பத்துக்கு ஓய்வூதியம் வரலாம். குறைந்தது 24 மாதச் சந்தா வேண்டும். மற்ற நிபந்தனைகளை அலுவலகத்தில் சரிபாருங்கள். ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. நோயால் வேலை செய்ய முடியாமல் போனவருக்கு இயலாமை ஓய்வூதியமும், தகுதி பெற்றால் டயாலிசிஸ் செலவும் உண்டு. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் மோட்டார்சைக்கிள் விபத்தும் இதில் அடங்கும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். போலீஸ் புகாரில் "வேலைக்குப் போகும்போது" என்று எழுதப்படுவதை மறக்காமல் பாருங்கள். வேலை போனவர் 60 நாட்களுக்குள் வேலையிழப்புக் காப்புறுதியைக் கோர வேண்டும், 61-ஆம் நாள் தாமதம். ஆகவே சபையில் ஒரு சாவு என்றால், அடக்க ஆராதனை முடிந்த இரண்டாம் வாரத்தில் மேசை உறுப்பினர் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் "அண்ணன் எங்கே வேலை செய்தார், சொக்சோ பிடித்தார்களா, இபிஎஃப்-இல் (ஊழியர் சேமநிதியில்) யார் பெயர் எழுதியிருக்கிறார்?" என்று கேட்பதை வழக்கமாக்குங்கள். வீட்டிலிருக்கும் இல்லத்தரசிகளுக்கு ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில் தனித்திட்டம் இருக்கிறது. 55 வயதுக்குள் சேர வேண்டும். காணிக்கையிலிருந்து பத்துப் பெண்களுக்குக் கட்ட 1,200 ரிங்கிட் போதும்.

நள்ளிரவில் அடி, கைவிடப்பட்ட பிள்ளை, வீடில்லாத முதியவர் என்றால் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். தாலியான் காசே 15999 எண்ணை அழையுங்கள். உயிராபத்து என்றால் 999.

காத்திருக்கும் மாதங்களுக்கான சபை நிதி

விண்ணப்பத்துக்கும் முதல் பணத்துக்கும் இடையே வாரங்களோ மாதங்களோ போகலாம். சபையின் பணம் அந்த இடைவெளிக்கு. சாரா என்னும் அரசாங்க அடிப்படைப் பொருள் உதவித் திட்டத்தில் மைகார்டைக் கொண்டே கடையில் அரிசி, எண்ணெய், முட்டை, மாவு வாங்க முடியும். ஆனால் அதைக் காசாக்க முடியாது. ஆகவே சாரா கிடைக்கும் வீட்டுக்கு இன்னொரு அரிசிப் பை தேவையில்லை. சாராவால் கட்ட முடியாதவற்றைக் கட்டுங்கள்: வாடகை, தண்ணீர்க் கட்டணப் பாக்கி, பேருந்துச் செலவு, ஐசி தண்டம், எரிவாயு. கோலாலம்பூர் பிபிஆர் (ஏழைகளுக்கான அரசாங்க அடுக்குமாடி) வீட்டு வாடகை மாதம் 124 ரிங்கிட். மூன்று மாதப் பாக்கி 372. அந்தத் தொகையை நேராக மாநகராட்சி முகப்பில் கட்டி ரசீதைக் கோப்பில் போட்டால் ஒரு குடும்பம் வெளியேற்றக் கடிதத்திலிருந்து தப்பும். ஐந்து பேர் உள்ள, இன்னும் எதுவுமே கிடைக்காத வீட்டுக்கு ஒரு மாதப் பை என்றால் அரிசி 20 கிலோ, பருப்பு 2 கிலோ, எண்ணெய் 3 கிலோ, கோதுமை மாவு 3 கிலோ, முட்டை 30, நெத்திலி அரை கிலோ, வெங்காயம் 2 கிலோ என்று தொடங்குங்கள். அரிசி மட்டும் கூடக் குறைய ஆகும், கேட்டுத் திருத்துங்கள்.

மூன்று மாத வரம்பு வைத்து, மூன்றாம் மாதம் மறுபடி உட்கார்ந்து பேசுங்கள். கையில் ரொக்கம் கொடுப்பதானால் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும்.

உதவிக்கு விலையாக ஆலய வருகையைக் கேட்காதீர்கள். பையில் துண்டுப் பிரசுரம் வைக்காதீர்கள். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பமும் அதே மேசைக்கு வரட்டும். முஸ்லிம் அண்டை வீட்டார் வந்தால் சமூக நல இலாகாவுக்கும் ஸகாத் அலுவலகத்துக்கும் வழிகாட்டி விடுங்கள், மதம் பற்றிய பேச்சே வேண்டாம். இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு மேற்சொன்ன உதவிகள் பொருந்தாது. அவர்களை கோலாலம்பூரிலுள்ள ஐநா அகதிகள் ஆணையத்திடம் இணைத்து, அன்றாடச் செலவைச் சபையே தாங்க வேண்டியிருக்கும். பரதேசி என்று லேவியராகமம் சொல்வது இவர்களைத்தான்.

தரகர்கள், அரசியல்வாதிகள்

"உதவி வாங்கித் தருகிறேன், முதல் மாதப் பணம் எனக்கு" என்று அலையும் ஆட்கள் உண்டு. எந்த அரசாங்க உதவிக்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பில் வங்கி எண்ணையோ டேக் எண்ணையோ (வங்கி கைப்பேசிக்கு அனுப்பும் ரகசிய எண்) போடக்கூடாது என்பதை மேசைக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் பயனுள்ள கதவுதான். தேங்கிய விண்ணப்பத்துக்கு அங்கிருந்து ஒரு கடிதம் போனால் நகரும். எந்தக் கட்சி என்று பார்க்காமல் போங்கள். ஆனால் காசோலையைப் பெரிய அட்டையில் அச்சிட்டு, ஏழையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க ஆலய வளாகத்தைக் கொடுக்காதீர்கள்.

குறிப்பேட்டில் நிராகரிப்புக் காரணங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெயரில்லாமல், எண்ணிக்கையும் காரணமும் மட்டும். இருபது விண்ணப்பத்தில் எட்டு திருமணச் சான்றிதழ் இல்லாமல் விழுந்தன என்பது போன்ற ஒரு பக்கத் தாள், பத்துப் பக்க உருக்கமான மனுவைவிட அதிகாரியின் கையில் நிற்கும். ஆண்டு வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகிறது. ஆகவே தாள் ஜூலைக்குள் தொகுதி உறுப்பினரிடமும், உங்கள் திருச்சபைத் தலைமை வழியாக மலேசியக் கிறிஸ்தவ சம்மேளனத்திடமும் போய்ச் சேரட்டும்.

கடைசியாக நாட்காட்டி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான்கு தேதிகளைக் கைப்பேசியில் நினைவூட்டலாகப் போடுங்கள்: விண்ணப்பித்த நாளிலிருந்து முப்பதாம் நாள் அலுவலகத்துக்கு ஓர் அழைப்பு, ஆண்டு முடிவில் ரஹ்மா தகவல் புதுப்பிப்பு, சமூக நல உதவியின் மறுபரிசீலனை மாதம், மூத்த பிள்ளை 12 வயதும் 18 வயதும் நிறையும் நாள். 12-இல் முதல் மைகார்டு, 18-இல் அதை மாற்ற வேண்டும், பிள்ளை உதவியும் அந்த வயதோடு முடியும். அந்த மாதம் வீட்டு வருமானம் திடீரென்று 200 ரிங்கிட் குறையும் என்பதை மூன்று மாதம் முன்பே தாயிடம் சொல்லிவிடுங்கள்.